நெமிலிச்சேரிக்கு அப்பால் ஒரு பாலைவனம்

ஜனவரி மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.

காலை 6.40: சேக்காட்டு வீட்டிலிருந்து புறப்பாடு. வாகனத்தில் இருவர்.
7.05: நெமிலிச்சேரி தாண்டி, சோதனைக்கான மணல்மேட்டை அடைதல்.
7.12: வாகனம் மணலில் இறங்கியது.
7.13: வாகனம் நின்றது.
7.13 முதல் 7.34 வரை: எஞ்சின் இயங்கியது. வாகனம் இயங்கவில்லை.
7.35: புகை.
7.50: இட்லி.
8.40: திரு. தாஸ் வருகை.
9.30: டிராக்டர் கொண்டு மீட்பு.
மணலில் கடந்த மொத்தத் தூரம்: வாகனத்தின் நீளத்தைவிடச் சற்று அதிகம்.

இக்குறிப்பை அன்று மாலையே எழுதிவிட்டேன். ராணுவ வாகனங்களை வடிவமைக்கும் ஆவடி அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணிபுரிந்தவன் நான். எது உடைந்தாலும் முதலில் நேரவாரியாக அறிக்கை எழுதுவது எங்கள் வழக்கம். காரணங்களை அதன் பிறகுதான் ஆராய்வோம். இந்த ஒன்றில் காரணத்தை ஆராய அதிக நேரம் தேவைப்படவில்லை. காரணம் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தது.

படித்தவன் ஒரு தவற்றைச் செய்து முடிக்க மற்றவர்களைவிட அதிக நாட்கள் எடுத்துக்கொள்கிறான். முதலில் குறிப்புகள் சேகரிக்க வேண்டுமே! என் விஷயத்தில் நான்கு வாரங்கள் ஆயின. கையில் இருந்ததே ஆறு வாரங்கள்தாம்.

அந்த ஆறு வாரங்களை எங்களுக்கு அளித்தவர் என் மனைவி கோமதியின் மருத்துவர். இரண்டு சிகிச்சைச் சுற்றுகளுக்கு நடுவே உடம்பு தேறியிருக்கும் காலம் அது. "எங்கேயாவது போகணும்னா இப்பப் போயிட்டு வந்துடுங்க" என்று அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். எங்கே போகவேண்டும் என்று கோமதியைக் கேட்டேன். முப்பத்தெட்டு ஆண்டுத் திருமண வாழ்க்கையில் இந்தக் கேள்வியை அதற்கு முன் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்பவில்லை.

"பாலைவனம் பாக்கணுங்க" என்றாள்.

அவள் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டி. மணலிலேயே வளர்ந்தவளுக்கு மணலைப் பார்க்க இரண்டாயிரம் கிலோமீட்டர் போகவேண்டுமா என்று கேட்டேன்.

"எங்க தேரியில எங்க பாத்தாலும் பனமரம் நிக்கும். பனமரம் இல்லாத மணலு பாக்கணும். கண்ணுக்கெட்டுன மட்டும் மணலு, வேற ஒண்ணும் இருக்கக் கூடாது."

ஜெய்சல்மேர் என்று முடிவாயிற்று. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் நித்யா, விமானத்தில் போய் இறங்கி அங்கேயே ஜீப் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அறிவுள்ள யோசனை. ஆகவே நிராகரித்தேன். முன்பின் தெரியாத ஒருவர் ஓட்டும் வண்டியில் கோமதியை ஏற்றி மணல்மேடுகளில் விட எனக்கு மனமில்லை. சொந்த வண்டியில், தங்கித் தங்கி, நானே ஓட்டிப் போவதாகச் சொன்னேன். உண்மையை ஒப்புக்கொள்வதானால், மருத்துவமனையில் அவளுக்காக என்னால் செய்யக்கூடியது ஒன்றுமே இருக்கவில்லை. இங்கே ஏதோ ஒன்று இருந்தது. மணலுக்கு எந்த அளவு வீல், எந்த அளவு டயர் என்று தேர்ந்தெடுப்பது. (அப்பாடா, நமக்குத் தெரிஞ்ச சப்ஜெக்ட்!)

பதினொரு தாள்களில் கணக்குப் போட்டேன். மணலின் தாங்குதிறன், வண்டியின் எடை, தரையோடு ஒட்டும் பரப்பு. கம்பெனி கொடுத்த பதினாறு அங்குல வீல் எனக்குப் போதவில்லை. இருபது அங்குல வீல், அதன்மேல் அகலமான டயர், அதில் விரல் புதையும் ஆழத்துக்கு வெட்டிய ரப்பர்ப் பட்டன்கள் என்று தீர்மானித்தேன். அம்பத்தூரில் ஒரு கடையில் சொல்லிவைத்தேன். அவை வந்துசேர இரண்டு வாரம் ஆயிற்று. காத்திருந்த நாட்களில் கணக்கை மறுபடி இருமுறை சரிபார்த்தேன். விடை மாறவில்லை. (தப்பான கணக்குக்கும் அந்தக் குணம் உண்டு.)

அவற்றை மாட்டுவதற்குச் சேக்காட்டில் எங்கள் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் தாஸிடம் போனேன். ஐம்பது வயதுக்காரர். டயர்களைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னா சார் இது? கோயில் தேருக்கா?"

"ராஜஸ்தான் போறோம், தாஸ். பாலைவனம்."

"அதுக்கு இன்னாத்துக்கு சார் இவ்ளோ பெரிய வீலு? கம்பெனி வீலே நல்லாத்தான கீது. மணலாண்ட போனா காத்த பாதியா எறக்கிடு. டயரு சப்புனு படுத்துக்கும். வண்டி ஒட்டகம் மாதிரி நடந்துகினு போவும்."

"இல்லை தாஸ். இது தரையோடு ஒட்டும் பரப்பு சம்பந்தப்பட்ட விஷயம்."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். நீ படிச்சவன், தாள்ல எழுதி வெச்சுகினு சொல்ற."

நான் புன்னகை செய்தேன். முனைவர் பட்டம் பெற்றவர்கள் செய்யும் புன்னகை அது. இன்று நினைத்தால் அதைத்தான் முதலில் கழற்றி வைத்திருக்க வேண்டும்.

புதிய வீல்களோடு வண்டி எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்துக்குள் நுழைந்தபோது, தூண் அருகே திரும்புகையில் டயர் மட்கார்டை உரசி ஒரு சத்தம் எழுந்தது. இரண்டாம் மாடியில் இருக்கும் ஐ.டி. இளைஞர் ஒருவர் எட்டிப் பார்த்து, "அங்கிள், உழவுக்குப் போறீங்களா?" என்றார். கோமதி வண்டியில் ஏற ஒரு முக்காலி தேவைப்பட்டது. சமையலறையிலிருந்து எடுத்து வந்தோம். அவள் ஏறி உட்கார்ந்து, "மாடியில இருக்கற மாதிரி காத்து நல்லா வருதுங்க" என்றாள்.

புறப்படுமுன் ஒரு சோதனை ஓட்டம் அவசியம் என்று கருதினேன். நெமிலிச்சேரிக்கு அப்பால் ஒரு மனைப்பிரிவில் அடுக்குமாடி கட்டத் தொடங்கி நிறுத்திவைத்திருந்தார்கள். நிரப்புவதற்கென்று கொட்டிய மணல் ஆளுயர மேடுகளாகக் கிடந்தது. முறைப்படி அனுமதிக் கடிதம் எழுதி எடுத்துப்போனேன். காவலாளி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "போய்க்கோ சார்" என்றார்.

வண்டியை மணலில் இறக்கினேன். அடுத்த நிமிடத்தில் நடந்தது மேலே பதிவாகியிருக்கிறது.

பட்டன் டயர்கள் மணலின் மேல் மிதக்கவில்லை. மண்வெட்டி போல அதைத் தோண்டின. நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இன்னும் தோண்டின. கணக்கின்படி இது நிகழக்கூடாது என்பதால் இன்னும் மிதித்தேன். இருபத்தோரு நிமிடங்கள் இப்படிக் கழிந்தன. முன்னால் தெரிந்த அடிவானம் மெல்ல உயர்ந்தது. அதாவது, நாங்கள் தாழ்ந்துகொண்டிருந்தோம்.

"என்னங்க."

"ஒரு நிமிஷம் கோமதி. இப்போ பிடிச்சுடும்."

"ஏதோ கருகுற வாசம் வருது. நான் அடுப்ப அணைச்சுட்டுத்தானே வந்தேன்?"

அடுப்பு அணைந்துதான் இருந்தது. எரிந்தது கிளட்ச்.

வண்டியின் வயிறு மணலில் படிந்துவிட்டதால், இறங்குவதற்கு முக்காலி தேவைப்படவில்லை. இதைக் கோமதிதான் சுட்டிக்காட்டினாள். செருப்பைக் கழற்றி வண்டிக்குள் வைத்துவிட்டு வெறுங்காலோடு மணலில் நடந்தாள். சில மாதங்களாகக் கூடத்திலிருந்து சமையலறைக்கே சுவரைப் பிடித்து நடந்தவள் அவள். அந்த மேட்டில் எதையும் பிடிக்காமல், குதிகாலை அழுத்தி ஏறினாள். மணலில் எப்படி நடப்பது என்று அவள் காலுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது தாளில் இருந்தது. உச்சியில் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த பருத்தித் துணியைச் சரிசெய்துகொண்டு, தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

நான் தாஸுக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். பெங்களூரிலிருந்து நித்யா அழைத்தாள். கோமதி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, எங்க இருக்கீங்க? ஒரே காத்துச் சத்தமா இருக்கு?"

"பாலைவனத்துலடி."

"என்னது? அதுக்குள்ள போயிட்டீங்களா?"

"ரொம்பப் பக்கமாத்தான் இருக்கு. நெமிலிச்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன்."

"அப்பா எங்க?"

"அந்தா, வண்டியச் சுத்திச் சுத்தி வாராரு. பிரதட்சணம் முடியட்டும், பேசச் சொல்லுதேன்."

போனை வைத்த பிறகு என்னை அருகே உட்காரச் சொன்னாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. அதில் கொஞ்சம் மணலும். தூரத்தில் புறநகர் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போயிற்று. "மன்னிச்சுடு" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா? ஒரு பனமரம் கூட இல்ல."

தாஸ் தம் பழைய இருசக்கர வண்டியில் வந்தார். நான்கு டயர்களிலும் காற்றை இறக்கினார். ஓரளவுக்கு மேல் இறக்காமல் நிறுத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டேன்.

"வீலு பெருசு, அதச் சுத்தி ரப்பரு கம்மி. இன்னும் எறக்குனா ரிம்மு அடி வாங்கும் சார். சின்ன வீலா இருந்தா ரப்பரு நெறைய இருக்கும், நல்லாப் படுத்துக்கும். அன்னிக்கே சொன்னேன்."

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், தாஸ்?"

"பதினஞ்சு வருசம் ஆத்துல மணல் லாரி ஓட்டுனவன் சார் நானு. நீ கேக்கவே இல்லியே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் பணிக்காலம் முழுவதும் வடிவமைத்தவை சங்கிலிப் பட்டையில் ஓடும் கனரக வண்டிகள். அவற்றுக்குக் காற்றடிக்கும் வேலையே இல்லை. என் பதினொரு தாள்களில் எடை இருந்தது, அகலம் இருந்தது, மணலின் ஈரப்பதம்கூட இருந்தது. காற்று இல்லை. வழியில் போகிற எந்த சைக்கிள்காரருக்கும் முதலில் தோன்றியிருக்கக்கூடியது அதுதான்.

கோமதி மேட்டின் மேலிருந்து சொன்னாள்: "எங்க அப்பா தேரிக்குள்ள சைக்கிள் ஓட்டும்போது காத்த எறக்கித்தான் ஓட்டுவாக."

"நீ ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நாலு வாரமா நீங்க அவ்வளவு சந்தோஷமா கணக்குப் போட்டுட்டு இருந்தீங்க. எப்படிங்க சொல்லுவேன்?"

தாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாம் வரச்சொல்லியிருந்த டிராக்டர்காரருக்கு வழி சொல்லப் போனார். கிளட்ச் போனதால் கயிறு கட்டித்தான் இழுக்கவேண்டியிருந்தது. காற்று இறங்கிய டயர்களோடு வண்டி, தாஸ் சொன்ன ஒட்டகத்தைப் போலவே அமைதியாக எழுந்து நடந்துவந்தது.

கிளட்ச் மாற்ற ஒரு வாரம் ஆயிற்று. நித்யா என்னைக் கேட்காமலே விமானச் சீட்டு எடுத்தாள். புறப்படுவதற்கு முதல் நாள் கோமதிக்குக் காய்ச்சல் கண்டது. ஆறு வாரம் அதோடு முடிந்தது. அடுத்த முறை மருத்துவர், "எங்கேயாவது போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டபோது, நான் தரையைப் பார்த்தேன்.

"பாலைவனம் போயிட்டு வந்தோம் டாக்டர்" என்றாள் கோமதி. "இவுகதான் ஓட்டுனாக."

அந்த ஆவணியில் அவள் போய்விட்டாள்.

இப்போது அந்த மணலின் மேல் நான்கு மாடிக் குடியிருப்பு எழுந்துவிட்டது. நித்யாவின் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் ரயிலில் நெமிலிச்சேரி நெருங்கியதும் எழுந்து நின்று, "பாலைவனம், பாலைவனம்!" என்று கத்துகிறார்கள். பெட்டியில் இருப்பவர்கள் ஜன்னல் வழியே குனிந்து பார்க்கிறார்கள். ஒரு மிக்ஸி வாங்குவதற்கு நான் நான்கு நாள் ஆராய்ந்தாலும் நித்யா, "அப்பா, ஜெய்சல்மேர் வந்துடுச்சா?" என்று கேட்கிறாள். நானும் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பில் கோமதியின் குரல் இருப்பதால், இதை அவர்கள் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் அலுவலக வழக்கப்படி அறிக்கையின் கடைசியில் நிலுவைப் பணிகளைக் குறிக்க வேண்டும்.

1. பெரிய வீல்களைக் கழற்றிப் பழையவற்றை மாட்டுதல். தாஸ் மூன்று முறை நினைவூட்டிவிட்டார்.
2. கணக்குத் தாள்களில் காற்றழுத்தத்துக்கு ஒரு பத்தி சேர்த்தல்.
3. முக்காலியைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்புதல்.
4. ஜெய்சல்மேர்.
5. வண்டியின் முன் இருக்கை, இடப்பக்கம்: கால்மிதியில் மணல். உதறுதல்.