ஊரோடு சேர்த்துத் தடை

இன்று யாரையாவது கடித்துக் குதறாமல் எனக்குச் சோறு இறங்காது.

ஏற்காட்டில் இருபது லாட்ஜ்களுக்கும் ஆறு எஸ்டேட்டுகளுக்கும் மெயில் சர்வர் நடத்துகிறவன் நான். ஒரு குப்பை மெயில்கூட என்னிடமிருந்து போனதில்லை. ஆனாலும் எங்கோ உட்கார்ந்து கறுப்புப் பட்டியல் போடும் ஒரு கும்பல் என்னைத் தடுத்துவிட்டது. காரணம்? என் சர்வர் எண்ணுக்கு நாலு எண் தள்ளி எவனோ லாட்டரி மெயில் அனுப்பினானாம். அதற்காக அந்த வரிசையில் இருநூற்று ஐம்பத்தாறு எண்களுக்கும் தடை! லாட்ஜ்காரர்களின் மெயில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. காலையிலிருந்து பதினேழு பேர் போனில் திட்டிவிட்டார்கள்.

"அயோக்கியப் பயலுக!" மேசையைக் குத்தினேன். காபி டம்ளர் எகிறி விழுந்தது.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம நம்ம பாப்பா ஹரிணிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேணுமில்லீங்களா?" என்றாள் மனைவி வனிதா.

"மாரமங்கலத்துக்காரன் ஒருத்தனும் என் ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது!"

அது அவள் பிறந்த ஊர். போன தீபாவளிக்கு அவளுடைய பெரியண்ணன் வெங்கடாசலம் பத்துப் பேர் முன்னால் என்னை 'தபால்காரரே' என்று கூப்பிட்டார். அன்றைக்கே ஊருக்கே தடை போட்டுவிட்டேன்.

வனிதா விழுந்த டம்ளரை எடுத்து வைத்தாள். "அந்தப் பட்டியல்காரங்களுக்கு ஒறைக்கற மாதிரி எழுதுங்க."

"ஒருத்தன் பண்ணுனதுக்கு எல்லாத்தையும் நிறுத்தறது அநியாயம்னு போடறேன்!"

"நொம்ப சரிங்க. ஒடனே உள்ள விடணும்னும் போடுங்க."

"போட்டாச்சு!"

"அந்தத் தப்புப் பண்ணுனவரு?"

"அவனையும் ஒரு தடவ மன்னிக்கணும். ஆயுசு பூரா தண்டனையா? மனுசங்கதானே இவனுக!"

"உங்க மெயிலுதான் போவாதுங்களே. பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போட்டோ புடிச்சு போன்ல அனுப்பிடறேன்."

கோபத்தில் முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை. வாசலில் இரண்டு ஜீப்புகள். இருபத்து மூன்று பேர் இறங்கினார்கள். முதல் ஆள் வெங்கடாசலம்!

"யாரைக் கேட்டு..." என்று பாய்ந்தேன். அவர் போனை நீட்டினார். என் கடிதம். என் கையெழுத்து. என் முத்திரை.

"படிச்சனுங்க மாப்பள," என்றார். "கண்ணு கலங்கிப் போச்சு."

வனிதாவைத் தனியே இழுத்தேன். "பட்டியல்காரனுக்கு அனுப்புனியா, இல்லியா?"

"அவிங்க நம்பரு எனக்கெங்கீங்க தெரியும்? அந்தப் பாயை எடுத்து விரிங்க, அண்ணன் நிக்கறாருல்ல."