மூன்றாவது மாடிக்குப் போன பசு

கல்லூரியை விட்டு வெளியே வந்த முதல் வருஷத்தில் ஒரு இன்ஜினியருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் கிடையாது. இரண்டாவது வருஷத்திலிருந்துதான் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போக ஆரம்பிக்கும். எனக்கு அந்த இரண்டாவது வருஷம் ஒரு பசுமாட்டின் ரூபத்தில் வந்து சேர்ந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த நேரம். தேனியில் வீடு கட்ட நினைத்தவர்கள் எல்லாம் ஊரை விட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். நெல் விளைந்த வயலில் மனை பிரிக்கிற, வெள்ளையடித்த பிளாட் கல் முளைத்தது. என் தாய்மாமாவும் ஆசைப்பட்டு, வீரபாண்டி ரோட்டில் இருந்த தன் வயலின் வரப்போரம் கல்லை இறக்கி அடுக்கிவிட்டார். நான்தான் குறுக்கே விழுந்தேன். கடைவீதிக்குப் பின்னால் அவருடைய பழைய பருத்திக் கிட்டங்கி, ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிய கோடவுன், சும்மாதான் கிடந்தது. (எலிகள் குடியிருந்தன. வாடகை தரவில்லை.) அதை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடு கட்டினால் சந்தை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் நடக்கிற தூரம், ஊர் மேலே வளரட்டும், வயல் வயலாகவே இருக்கட்டும் என்று முழங்கித் தள்ளினேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பால் காய்ச்சுற அன்னைக்கு ஒரு வீடு மிச்சம் கெடந்தாலும், மறுநாளே வயல்ல கல்லு நட்டுருவேன் ஆத்தா. அப்புறம் என்னையக் கொறை சொல்லக் கூடாது."

கட்டினோம். கீழ்த்தளங்கள் விற்றுப் போய்விட்டன. மூன்றாவது மாடியைத்தான் சீந்துவார் இல்லை. அந்தரத்தில் எவன் குடும்பம் நடத்துவான் என்று கேட்டார்கள். அங்கே இருந்த இரண்டு வீடுகளில் ஒன்றைக் கமலம் டீச்சர் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார், இன்னொன்று மிச்சம் கிடந்தது. டீச்சர் அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்கு வந்து அலுத்தவர். ஆனால் பசுவும் கன்றும் முதலில் நுழையாத வீட்டில் தான் காலெடுத்து வைக்க மாட்டேன், வழக்கம் வழக்கம்தான் என்று சொல்லிவிட்டார். இதைக் கேட்டதும் கீழே இருந்தவர்களும் அவரவர் வீட்டுக்குப் பசு வேண்டும் என்றார்கள். அத்தனை பேருக்கும் ஒரே முகூர்த்தம்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பசுவை நேராக மூன்றாவது மாடிக்கு ஏற்றிவிட வேண்டியது. அங்கிருந்து வீடு வீடாக நுழைந்தபடி இறங்கி வரும். மொட்டை மாடி டேங்க்கிலிருந்து தண்ணீர் வருவதுபோலப் பசுவும் வரும் என்று நம்பினேன். பசுவைத் தருவதாகச் சொன்ன பால்கார சன்னாசி அண்ணன், "படி ஏறுமா பாப்பா? நானும் ஏத்திப் பாத்ததில்லையே" என்று கேட்டார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பசுவின் முன்னங்காலை அளந்து, படியின் உயரத்தோடு ஒப்பிட்டு, தாராளமாக ஏறும் என்று சான்றிதழ் கொடுத்தேன்.

ஏறவும் செய்தது. விடியற்காலையில் கழுத்தில் மாலையோடு, கன்று பின்னால் வர, கல்யாணப் பெண் மாதிரி அசைந்து அசைந்து ஏறியது. நான் பட்டுப்புடவையும் மஞ்சள் ஹெல்மெட்டுமாக முன்னால் போனேன். (ஹெல்மெட் எதற்கு என்று கேட்காதீர்கள். அம்மாவும் கேட்டார்.) டீச்சர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் புது டைல்ஸில் சாணியும் போட்டது. டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகு படிக்கட்டுக்கு வந்தது. கீழே ஒரு பார்வை பார்த்தது. நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது.

இழுத்தோம். தள்ளினோம். வாழைப்பழத்தைக் காட்டினோம், வாங்கித் தின்றுவிட்டு அங்கேயே நின்றது. கன்றைத் தூக்கிக் கீழே கொண்டுபோனால் தானாக வரும் என்று நான் இன்னொரு யோசனை சொன்னேன். கன்று போனதும் பசு கத்திய கத்தலில் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கன்றை மறுபடியும் மேலே தூக்கினோம். எனக்கு ஏறுகிற கணக்கு தெரிந்ததே தவிர இறங்குகிற கணக்கு ஒன்று உண்டு என்பதே அப்போதுதான் உறைத்தது.

கீழே வீட்டுக்கு வீடு பால் பானையோடு காத்திருந்தார்கள். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. தெருவில் நின்ற மாமா செல்போனை எடுத்துக் கல் நடுகிற ஆளை நாளைக்கு வரச் சொன்னது மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது. அதைக் கேட்டதும் ஹெல்மெட்டோடு சேர்த்து நான் படியில் உட்கார்ந்து அழுதேன்.

கீழ்வீட்டு ஜவுளிக்கடை அக்காதான் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். "அது வராட்டிப் போகுது. அது இருக்குற எடத்துக்கு நாம போவோம், வாங்கடி" என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாத அத்தனை குடும்பமும் அடுப்பும் பானையுமாக டீச்சர் வீட்டுக்குள் புகுந்தது. அத்தனை பாலும் ஒன்றாகப் பொங்கியது. குலவைச் சத்தம் கடைவீதி முழுக்கக் கேட்டிருக்கும். பசுவுக்குப் பொங்கல், எனக்கும் பொங்கல்.

அதற்குள் வாசலில் சேதி வேறு விதமாகப் பரவிவிட்டது. போடியிலிருந்து சந்தைக்கு வந்திருந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமாவிடம் வந்தார்.

"மகாலட்சுமியே எறங்க மாட்டேன்னு நிக்கிறாளாமே. அந்த மாடியில வேற வீடு இருக்கா?"

மாமா மேலே ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார். போனை எடுத்துக் கல் நடுகிறவரை வர வேண்டாம் என்றார். நான் அப்படியே துள்ளிக் குதித்தேன், பசு மிரண்டது.

கட்டட வேலையில் மிஞ்சிய மணலை மூட்டை கட்டிப் படியெல்லாம் சரிவாக அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, மத்தியானத்துக்கு மேல் ஒருவழியாகப் பசுவை இறக்கினோம். இறங்குகிற வழியில் ஒரு வீட்டையும் விடாமல் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனது.

வயலில் இன்னும் நெல்தான். அந்தப் பிளாட் கல்லெல்லாம் மொட்டை மாடியில் பூந்தொட்டிகளுக்கு முட்டுக் கொடுக்கின்றன. கட்டடத்துக்கு நான் ஆசையாக வைத்த பெயரை ஆட்டோக்காரர்களிடம் சொன்னால் முழிப்பார்கள். "மாடு ஏறுன வீடு" என்றால் நேராக வாசலில் இறக்கிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் நான் எந்தத் திட்டம் போட்டாலும் ஒரே கேள்விதான். என் கல்யாணத்தன்று, மாலையும் கழுத்துமாக மணமேடையில் கால் வைக்கப் போனேன். மாமா என் கையைப் பிடித்து நிறுத்தி, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஏறுறது இருக்கட்டும் ஆத்தா. எறங்குற கணக்கப் பாத்துட்டியா?"