சவரிமுத்து வாங்கிய அயர்லாந்து மெடல்

கூரியர்க்காரன் வந்தபோது சவரிமுத்து குளித்துக்கொண்டிருந்தார். எல்லாக் கஷ்டமும் அங்கேதான் ஆரம்பம்.

மூன்று நாளாக மனிதர் வாசலை விட்டு நகரவில்லை. பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். ஒரே பேப்பரை மூன்று நாள் படித்தார். பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், மீட்டர் பார்க்க வந்தவர் எல்லோரையும் எழுந்து நின்று வரவேற்றார். புனேயிலிருந்து வரவேண்டிய பார்சல் மட்டும் வரவில்லை. புதன்கிழமை காலை, முதுகு அரிக்கிறதே என்று இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்ள உள்ளே போனார். தலையில் சோப்பு போட்ட நேரம் காலிங்பெல் அடித்தது. தொடர்ந்து மனைவி ஹெலனின் குரல்.

"ஓடிபியாப்பா? இரு, அவரு ஃபோன் இங்கதான் கெடக்குது."

சவரிமுத்து நுரையோடு நின்றார். அறுபத்திரண்டு வயதில் தப்பி ஓடவேண்டும் என்றால் அதற்கு வழியாவது இருக்க வேண்டும். பெங்களூர் ஒக்கலிபுரத்து வீட்டில் பாத்ரூமுக்கு ஒரே கதவு. அதுவும் நேராக ஹாலில் திறக்கும்.

இப்படி நடுங்குவதற்கு அவர் ஒன்றும் சாராயம் கடத்தவில்லை. அயர்லாந்து நாட்டுப் பழைய காசு சேர்க்கிறார், அவ்வளவுதான். லேத் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இரும்பைச் சீவிவிட்டு ரிட்டயரானவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவென்யூ ரோடு நடைபாதையில் கோழி போட்ட காசு ஒன்று கிடைத்தது. தாய்க்கோழி, சுற்றிலும் குஞ்சுகள், பின்பக்கம் யாழ். கடைக்காரன் அயர்லாந்து என்றான். பன்றியும் குட்டிகளும் போட்ட காசு இருக்கிறது, முயல் போட்டது இருக்கிறது, மீன் போட்டது இருக்கிறது என்றும் சொன்னான். சவரிமுத்து அன்றைக்கே விழுந்தார். எல்லோரும் விக்டோரியா ராணி காசுக்கு அடித்துக்கொள்கிறார்கள். அயர்லாந்துக்கு அலைகிற ஆள் பெங்களூரில் வேறு யாரும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் அவர் ஊரிலேயே முதல் ஆள்.

ஹெலன் அந்தக் கோழியை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"நாட்டுக்கோழியா, பிராய்லரா?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு, ஹெலன்!"

"அப்ப முத்தல். வேகாது. காசு குடுத்து காசு வாங்கற ஆளை நான் இந்த வீட்லதான் பாக்கறேன்."

அதுவரைகூடப் பரவாயில்லை. போன ஈஸ்டருக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, ஆயிரத்து எண்ணூற்று ஐந்தாம் வருஷத்து அரை பென்னி ஒன்று அவள் கண்ணில் பட்டது. கன்னங்கரேல் என்று இருந்தது. பாவம் என்று புளி போட்டுத் தேய்த்தாள். இருநூறு வருஷத்துக் கறுப்பு இரண்டு நிமிஷத்தில் போய், புதுக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

சவரிமுத்து அலறினார். "ஐயோ, கறுப்பா இருந்தாத்தான்டி மதிப்பு!"

"அப்டியா? அப்ப என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ஏன் உங்கம்மா, பொண்ணு கொஞ்சம் கறுப்புன்னு சொல்லி எங்கப்பாகிட்ட கூட நாலு பவுன் கேட்டாங்க?"

அவர் வேறு ஏதோ கத்தினார். கல்யாணமான முப்பத்துநாலு வருஷத்தில் செய்யாத தப்பு. ஹெலன் கத்தவில்லை. சட்டம் போட்டாள். இனிமேல் ஒரு காசு இந்த வாசப்படி தாண்டி உள்ளே வந்தால், ஆல்பத்தோடு மொத்தமும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அவள் சொன்னால் செய்வாள். அவருடைய பழைய ஸ்கூட்டர் அப்படித்தான் போனது.

துண்டைக் கட்டிக்கொண்டு சவரிமுத்து வெளியே வந்தார். மேஜைமேல் பார்சல் பிரிந்து கிடந்தது. நடுவில் சின்ன நிப்பட்டுத் தட்டை அளவில் ஒரு வெள்ளை வட்டம். பக்கத்தில் கத்தரிக்கோல். அதற்குப் பக்கத்தில் ஹெலன்.

"என்னாங்க இது?"

"எது?"

"காதுல நுரை இருக்குது, தொடைங்க. இது என்னான்னு கேட்டேன்."

"இது... காசு இல்ல."

"நான் காசுன்னு சொல்லவே இல்லையே."

சவரிமுத்துவின் மூளை, நுரைக்கு அடியில், வேகமாக வேலை செய்தது. பார்த்தால் ஒரு பக்கம் சிலுவை. இன்னொரு பக்கம் ஒரு சாமியார் கையைத் தூக்கி நிற்கிறார், எதிரே ஜனங்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். பொடிப்பொடியாக எழுத்து. ஹெலனின் கண்ணாடியோ கால் உடைந்து ரிப்பேருக்குப் போயிருந்தது.

"மெடல், ஹெலன். பரிசுத்த மெடல். அயர்லாந்துல ஒரு பெரிய சாமியார் தன் கையால ஜனங்களுக்குக் குடுத்தது. நூத்தி எண்பது வருஷம் ஆவுது."

இதில் ஒரு எழுத்து பொய் இல்லை. மிச்சத்தைத்தான் அவர் சொல்லவில்லை. அந்தச் சாமியார் அதைக் கொடுத்தது, இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவர்களுக்கு. ஊர் ஊராகப் போய் லட்சக்கணக்கான பேரைச் சத்தியம் செய்ய வைத்தாராம். சவரிமுத்து அதை ஆன்லைன் ஏலத்தில் எடுத்தது, மாடி வீட்டு முனிகிருஷ்ணனோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து, இரண்டாவது ரவுண்டுக்கும் மூன்றாவது ரவுண்டுக்கும் நடுவில்.

"எதுக்கு விசேஷம் இது?" ஹெலன் கேட்டாள்.

"உடம்பு சுகத்துக்கு."

ஹெலன் மெடலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முத்தம் கொடுத்தாள். "இத்தினி நாள்ல இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு வாங்கியிருக்கீங்க" என்றாள்.

சவரிமுத்துவுக்கு நம்ப முடியவில்லை. ஜெயித்துவிட்டார். ஜெயித்துப் பழக்கமில்லாததால் அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடியும் குளிக்கப் போனார்.

வந்து பார்த்தால் மெடல் ஹாலில் இருந்த ஜெபப் பீடத்தில் இருந்தது. மாதா சுரூபத்துக்கும் அந்தோணியாருக்கும் நடுவில், சிவப்பு பல்புக்குக் கீழே.

"ஆல்பத்துல வெக்கணும், ஹெலன். காத்து பட்டா பாழாவும்."

"பன்னிக்கும் கோழிக்கும் நடுவுல பரிசுத்த மெடலா? வாயில வருதா உங்களுக்கு?"

அன்றிலிருந்து தன்னுடைய பொருளைத் தானே பார்க்க சவரிமுத்து மண்டியிட வேண்டியிருந்தது. பீடம் அவ்வளவு தாழ்வு. லென்ஸை எடுத்துக்கொண்டு மெல்லப் போய் முட்டி போடுவார். உடனே பின்னாலிருந்து குரல் வரும். "முட்டி போட்டீங்கல்ல, அப்டியே ஜெபமாலையும் சொல்லிடலாம், இருங்க வரேன்." ஐம்பத்துமூன்று மணியையும் உருட்டியாக வேண்டும். வியாழக்கிழமை ஒரு தடவை, ஹெலன் எங்கேயோ வெளியே போய் வந்த அசதியையும் பார்க்காமல். வெள்ளிக்கிழமை இரண்டு தடவை. சவரிமுத்துவின் முழங்கால் வாணலி மாதிரி கறுத்தது. உலகத்தில் எத்தனையோ பேர் காசு சேர்க்கிறார்கள். முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு சேர்க்கிறவர் இவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை சாயந்திரத்து மொட்டைமாடிதான் அவருக்கு வாரம். முன்பெல்லாம் வெள்ளியும் உண்டு. ஆகஸ்டில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர், ஈரல் வீங்கியிருக்கிறது, குறைங்க என்றார். சவரிமுத்து குறைத்தார். வெள்ளியை விட்டு, அந்த இரண்டு ரவுண்டையும் சனியில் சேர்த்துக்கொண்டார். ஹெலன் அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் படியில் நின்று, அவர் இறங்கி வரும்வரை, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றும்.

இந்தச் சனிக்கிழமை அவள் படியில் நிற்கவில்லை. ஒரு டப்பாவை நீட்டினாள்.

"பன்னிக்கறி வறுவல். சூடா இருக்கும்போதே சாப்டுங்க. முனிகிருஷ்ணன் அண்ணனுக்கும் குடுங்க."

முனிகிருஷ்ணன் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மூடியை மறுபடி போட்டார்.

"சவரி, உன் வீட்ல எல்லாம் செரியா இருக்குதா?"

"மெடல் வாங்கினதுலேருந்து ரொம்ப சந்தோஷமா இருக்கா, முனி."

"எனக்கு பயமா இருக்குதுப்பா. எங்கூட்ல இப்படி ஒரு தரம் கோழி வறுத்துக் குடுத்தா. மறுநாள் அவங்கம்மா வந்து எட்டு மாசம் இருந்தாங்க."

சவரிமுத்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் வறுவல் நன்றாக இருந்தது.

மறுநாள் காலை, கோயிலுக்குக் கிளம்பும்போது, ஹெலன் மெடலை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள்.

"அது எதுக்கு?"

"ஃபாதர்கிட்ட குடுத்து மந்திரிக்க."

ஃபாதர் தைரியநாதன் ரோமாபுரியில் படித்தவர். இங்கிலீஷ் என்ன, லத்தீனே படிப்பார்.

"அதான் அந்தக் காலத்துலயே மந்திரிச்சிருப்பாங்களே!"

"நூத்தி எண்பது வருஷம் ஆச்சுன்னீங்களே. இன்னுமா சார்ஜ் இருக்கும்?"

பூசை எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியாது. பிரசங்கம் காதில் விழவில்லை. காணிக்கைத் தட்டு இரண்டாம் முறை வந்ததாக நினைத்து இரண்டாம் முறையும் போட்டார். அது பக்கத்தில் இருந்தவர் மடியில் மல்லாத்தி வைத்திருந்த தொப்பி. கடைசி ஆசீருக்கு முன்னால், அறிவிப்பு நேரத்தில், ஹெலன் எழுந்துபோய் கைக்குட்டையைக் கொடுத்தாள். ஃபாதர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறு பக்கம் பார்த்தார். முகம் மலர்ந்தது. மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

"சகோதர சகோதரிகளே, இது என்ன மெடல் தெரியுமா? மதுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவர்கள் அணிகிற மெடல். நம்ம சவரிமுத்து இதை அயர்லாந்திலிருந்து வரவழைத்திருக்கிறார். சவரிமுத்து, முன்னால வாங்க."

சவரிமுத்து எழுந்தார். கால்கள் தாமாக நடந்தன.

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? இல்ல, உங்க சொந்த விருப்பத்துல வாங்கினீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். முதல் வரிசையில் ஹெலன். கைகூப்பி, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இல்லை ஃபாதர், சும்மா சேகரிப்புக்கு வாங்கினேன் என்று சொல்லலாம். சொன்னால் நாற்பத்தோரு காசும், பன்றி, கோழி, முயல், மீன் எல்லாமும், நாளைக் காலை தராசில் ஏறும். ஆமாம் என்று சொன்னால் சனிக்கிழமை போகும். மனிதர் வாழ்நாளில் இவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டதில்லை.

"சொந்த... விருப்பம்தான் ஃபாதர்."

"அப்ப நான் சொல்லச் சொல்ல சொல்லுங்க. போதை தரும் எந்தப் பானத்தையும்..."

"எந்தப் பானத்தையும்..."

"இனி ஒருபோதும்..."

"இனி... ஒரு... போதும்."

"சேத்துச் சொல்லுங்க சவரிமுத்து. ஒருபோதும்."

"ஒருபோதும்."

"தொடமாட்டேன்."

சவரிமுத்துவுக்கு இருமல் வந்தது. ஃபாதர் காத்திருந்தார். கோயிலே காத்திருந்தது. இருமலும் எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

"தொடமாட்டேன்."

பாடகர் குழு கைதட்டியது. நான்கு கணவன்மார்கள் பக்கக் கதவு வழியாக நழுவினார்கள். ஃபாதர் ஒரு நீல ரிப்பனை எடுத்து, அதில் மெடலை மாட்டி, கழுத்தில் போட்டார். ரிப்பன் தயாராக, அளவாக வெட்டி, கொக்கியோடு இருந்தது. அந்தக் கொக்கியைப் பார்த்தபோதுதான் சவரிமுத்துவுக்கு ஏதோ உறைத்தது.

வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் ஃபோன் வந்தது. முனிகிருஷ்ணன்.

"சவரி, நெஜமா? கோயில்லேருந்து யாரோ ஃபோன் போட்டு சொல்லி, எங்கூட்டுக்காரி அந்த மெடல் ஒண்ணு வேணும்னு குதிக்கிறா. எங்க வாங்கினேன்னு மட்டும் சொல்லிடாதப்பா, உன் காலுல விழறேன்."

சவரிமுத்து ஃபோனை வைத்துவிட்டு ஹெலனைப் பார்த்தார்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"புதன்கெழமை. நீங்க சோப்பு போட்டுக்கிட்டு இருக்கும்போதே."

"உன் கண்ணாடிதான் ரிப்பேர்ல இருந்துச்சே!"

"உங்க லென்ஸ் மேஜைலதானே இருந்துச்சு. ஸ்கூல் ஆபீஸ்ல முப்பது வருஷம் இங்கிலீஷ் லெட்டர் அடிச்சவ நான். ரெண்டு வரி படிக்க மாட்டேனா? அன்னைக்கே ஃபாதருக்கு ஃபோன் பண்ணிட்டேன்." ஹெலன் சற்று நின்றாள். குரல் இறங்கியது. "ஆகஸ்டுலேருந்து நான் சரியா தூங்கலைங்க. சொன்னா கேக்க மாட்டீங்க. உங்களுக்கு அயர்லாந்துலேருந்து வந்து சொல்லணும்."

சவரிமுத்துவுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். மெடல் நெஞ்சில் ஜில்லென்று பட்டுக்கொண்டு ஆடியது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வேறு வேலையும் இல்லாமல், மெடலைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தார். சத்தியம் முழுசும் அதில் சுற்றி எழுதியிருந்தது. ஃபாதர் பாதிதான் வாசித்திருந்தார். விளிம்பில், எறும்பு ஊர்ந்ததுபோல, இன்னும் ஒரு வரி. படித்தார். மறுபடி படித்தார். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஹெலன்! இங்க வா! பாதிச் சத்தியம்தான் பண்ண வெச்சிருக்காங்க. இதுல என்னா போட்டிருக்குது பாரு! 'வைத்தியர் உத்தரவின்பேரில் மருந்தாக எடுத்துக்கொள்வது தவிர.' மருந்துன்னா எடுத்துக்கலாம்! டாக்டர் சொன்னா போதும்! நாளைக்கே நான் போய்..."

ஹெலன் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பீரோவைத் திறந்தாள். ஒரு சீட்டை எடுத்து, மடிப்பை நீவி, மேஜைமேல் மெடலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வியாழக்கெழமையே போய்க் கேட்டுட்டு வந்துட்டேங்க. மருந்துக்குக்கூடக் கூடாதுன்னு டாக்டரு எழுதியே குடுத்துட்டாரு."