காந்தம் ஒட்டாத இறக்கை

அன்புத் தங்கை குருவிக்கு அக்கா எழுதிக்கொண்டது. நீயும் உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம், சொறிந்துகொள்வதைத் தவிர. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன், முதலில் நல்ல சேதி.

பெரியவன் மகன் பல் டாக்டராகிச் சொந்தமாகப் போர்டு மாட்டிவிட்டான். முதல் பல் என்னுடையதுதான். பிடுங்க வேண்டியது பக்கத்துப் பல் என்று மறுநாள் தெரிந்தது, இருந்தாலும் வலிக்காமல் பிடுங்கினானே, அதைச் சொல்லு. கடைக்குட்டிப் பேத்தி பள்ளி நாடகத்தில் மரமாக நின்றாள். மற்ற மரங்கள் எல்லாம் தும்மின, இவளிடம் ஒரு இலைகூட அசையவில்லை. நடுப்பேத்தி, அதான் நம் இளையவன் மகள், காற்றாலைக் கம்பெனியில் இன்ஜினியர். மேகத்துக்குப் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டு, சாப்பிட்டீங்களா பாட்டி என்று எனக்குப் போன் செய்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படி ஒரு பேத்தி.

அவளைப் பெற்றவனால்தான் இந்தக் கடிதம். இளையவனின் பழைய இரும்புக் கடை உனக்குத் தெரியும். இடுப்புக் கயிற்றில் எப்போதும் ஒரு காந்தம் தொங்கும். பொண்டாட்டியை நம்பமாட்டான், அதை நம்புவான். குன்றின் மேல் பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டு இன்னும் பெரிதாக நடுகிறார்களாம், கழற்றின இறக்கையை யாராவது கொண்டுபோனால் போதும் என்கிறார்களாம் என்று காதில் விழுந்ததும் இவனுக்குத் தூக்கம் போயிற்று. மகளிடம் கேட்டால் தடுப்பாள் என்று மூச்சு விடாமல் போய், அடிப்பக்கத்தில் காந்தத்தை வைத்திருக்கிறான். டொக்கென்று ஒட்டியிருக்கிறது. ஒட்டினது போல்ட்டில். அது மட்டும்தான் இரும்பு, மிச்சமெல்லாம் கண்ணாடி நாரும் பசையும் என்று இவனுக்கு யார் சொல்வது.

அது தெருவுக்குள் வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும் குருவி. லாரி எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டது, இறக்கை வந்துகொண்டே இருக்கிறது. சலூன்காரர் வெளியே வந்து நின்றார், அவர் பின்னால் பாதி முகம் சோப்போடு ஒருத்தர் வந்து நின்றார். திருப்பத்தில் சலூன் போர்டு பெயர்ந்து விழுந்தது. கோபப்படக்கூட மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன். அதை நீட்டிப் படுக்க வைக்க எங்கள் கொல்லை ஒன்றுதான் இடம். அங்கேதான் உனக்கு அறை கட்டச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தோம். கிரேன்காரர் கோட்டின் மேலேயே மூலைக்கு மூலை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அப்புறம்தான் இளையவன் காந்தத்தை அதன் உடம்பில் வைத்தான். வழுக்கி விழுந்தது. நுனி வரைக்கும் வைத்து வைத்துப் பார்த்தபடி போனான். நுனியில் உட்கார்ந்துவிட்டான்.

ரம்பம் போட்டுப் பார்த்தான். வெள்ளைத் தூள் பறந்து காயப்போட்ட துணியிலெல்லாம் ஒட்டி, அன்றிலிருந்து வீடே சொறிகிறது, பக்கத்து வீட்டுக்காரி சொறிந்துகொண்டே சண்டைக்கு வருகிறாள். எரித்துவிடலாம் என்றான், மகள் வந்து, அந்தப் புகையை ஊரே குடிக்கணுமாப்பா என்று நெருப்புப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். புதைத்துவிடலாமே என்று நான் கேட்டேன்.

"புதைக்கலாம் பாட்டி, ஆனா மக்காது. உங்க பேரனோட பேரன் தோண்டினாலும் இப்படியேதான் பளபளன்னு வரும்."

நகராட்சிக்காரர் வந்து ஒரு சுற்று சுற்றினார். மக்கும் குப்பைக்கு ஒரு தொட்டி, மக்காத குப்பைக்கு ஒரு தொட்டி கொடுத்திருக்கிறோமே என்று ஆரம்பித்தவர், நம் தொட்டியைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது கிட்டே போய்க் கை வைத்துப் பார்த்தேன். என்ன வழவழப்பு. காற்றைக் கிழித்த ஓரம் மட்டும் மழையும் மணலும் கொத்திக் கொத்திச் சொரசொரவென்று இருந்தது. நம் வீட்டு விளக்கெல்லாம் இது சுற்றித்தானே எரிந்தது, ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்தோமா. அடிப்பக்கம் குழாய் மாதிரி வாய் திறந்து கிடக்கிறது. குனிந்து தலையை உள்ளே விட்டு, குருவீ என்று உன்னைக் கூப்பிட்டேன். நுனி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது, யாரோ பெரிய மனிதர் உன்னை அழைக்கிற குரலில். நாம் கட்டின வீடு, பெற்ற பிள்ளை, சேர்த்த பாத்திரம் எல்லாம் போன பிறகும் இது இருக்கும். இவ்வளவு கெட்டியாக ஒன்றைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை பார்.

ஆகவே குருவி, சொல்லவே வாய் வரவில்லை, நீ இப்போது வராதே. வாடகை வீட்டைக் காலி செய்கிறேன் என்று சொல்லியிருந்தால் இல்லை என்று சொல்லிவிடு. சிமென்ட் ஆலையில் இதைப் பொடித்துச் சூளையில் போட்டுக்கொள்வார்களாம், ஆனால் தண்ணீர் பீய்ச்சி அறுக்கிற வண்டி வரவேண்டும், அதற்கு நமக்கு முன்னால் வரிசை நிற்கிறதாம். கடைசிக் காலத்தில் ஒன்றாக இருப்போம் என்று நினைத்த இடத்தில் இது படுத்திருக்கிறது. உன் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் முழங்காலுக்கும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. கவரை ஒட்டப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. துணி எடுக்க ஓடின நான், இளையவன், அறைக் கணக்குப் பார்க்க வந்த மேஸ்திரி, பதில் இல்லாமலே திரும்பி வந்த நகராட்சிக்காரர், எல்லாரும் அதன் வாய்க்குள் ஒண்டிக்கொண்டோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. மேஸ்திரி மேலே தட்டிப் பார்த்து, இதை ஏன்மா அறுக்கணும், தூண் மேல தூக்கி வெச்சுடலாமே என்றார். பேத்தி வந்து அளந்தாள். எங்கள் பின்கதவிலிருந்து உன் அறை வாசல் வரைக்கும் நடைக்குக் கூரையாகச் சரியாக வருகிறது. மழையில் நனையாமல் நீ என்னோடு சண்டை போட வரலாம். நாளைக்குக் கிரேன் வருகிறது. சலூன்காரர் கடையை மூடிவிட்டுப் பார்க்க வருகிறாராம்.

பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. "ஒண்ணுக்கு வேலை கிடைச்சிருச்சு பாட்டி. இன்னும் கழட்டப் போற அத்தனைக்கும்?" என்று கேட்டாள். அதையும் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார் நகராட்சிக்காரர்.

தடித்த பக்கம் எனக்கு, நுனி உனக்கு. நுனி கொஞ்சம் தாழ வளைந்திருக்கிறது, அதனால் உன் தலை இடிக்காமலிருக்க உன் பக்கத்துத் தூண் எவ்வளவு உயரம் வேண்டும் என்று மேஸ்திரி கேட்கிறார். சின்ன வயதில் நீதான் நெட்டை. நான் இப்போது குறுகிவிட்டேன், நீ எப்படியோ. என்னிடம் இருப்பது உன் கல்யாணப் போட்டோ, அதிலும் உட்கார்ந்திருக்கிறாய். ஆகையால் வீட்டைக் காலி செய்வதற்கு முன், செருப்பில்லாமல், கூனாமல், கதவுக்குப் பக்கத்தில் நின்று புதுப் போட்டோ ஒன்று எடுத்து உடனே தபாலில் போடு.