மாமா கொடுத்த சார்ஜரும் அப்பா சொன்ன ஒரு வாக்கியமும்

உலான்பாத்தர்,
வெள்ளை மாதப் புத்தாண்டு, இரண்டாம் நாள், மதியம்.

பெருமதிப்புக்குரிய டார்கான் நகரத்து மாமா அவர்களுக்கு, தங்கள் தங்கை செவெல்மாவின் ஒரே மகன் டொல்கோன், தங்கள் முழங்கைகளைத் தாங்கி வணங்கி எழுதுவது. குளிர்காலம் அமைதியாகக் கழிந்ததா? குதிரைக்குட்டிக்குப் பிடரி கொழுத்திருக்கிறதா, காளைக்கன்றுக்குச் சதை பிடித்திருக்கிறதா என்று கேட்பது முறை. தாங்கள் ஐந்தாம் மாடியில் ஒரு பூனையோடு குடியிருப்பதால், பூனையின் பிடரி நலமா என்று கேட்டு முறையை முடித்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். கார்தான் நலமில்லை.

நாளை காலை பத்து மணிக்குத் தாங்கள் மாமி வீட்டாரின் மேய்ச்சல் நிலத்துக்குக் கிளம்பிவிடுவதாக அம்மா சொன்னார். மாமா, தயவுசெய்து நாங்கள் வரும்வரை கிளம்பாதீர்கள். போன வெள்ளை மாதத்தில் தாங்கள் ஆசையாகக் கொடுத்த பேட்டரி சார்ஜரைப் பார்த்து, சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் முன்னால் அப்பா, "இது ஒரு டார்ச்சுக்குக்கூட கரண்ட் குடுக்காது மச்சான்" என்று சொன்னதும், தாங்கள் மரியாதைக்கு நீட்டவிருந்த மூக்குப்பொடிக் குப்பியை மூடிப் பைக்குள் போட்டதும், அன்றோடு பேச்சு நின்றதும் ஊரறிந்த கதை. இந்த மாதமும் நேரில் வந்து வணங்காவிட்டால் இன்னொரு வருஷம் இப்படியே போகும் என்று அம்மா நேற்று முதல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அப்பா கூப்பிட்டாலும் நான் கூப்பிட்டாலும் தாங்கள் போனை எடுப்பதில்லை. டார்கான் பஸ்ஸில் ஓர் இடமும் காலியில்லை. நாலு மணி பஸ் ஓட்டுநர் ஆளை ஏற்ற மாட்டாராம், கடிதத்தை ஏற்றுவாராம். அதனால்தான் நானே மடிந்து உள்ளே உட்கார முடியாமல் காகிதத்தை மடிக்கிறேன்.

தாமதத்துக்குக் காரணம் ஓர் ஆடு. வெளியே மைனஸ் முப்பத்துநாலு. ராத்திரி பேட்டரியைக் கழற்றி, பழைய ஆட்டுத்தோல் கோட்டில் சுற்றி, ஏழாவது மாடிக்குத் தூக்கிவந்து ஹீட்டர் பக்கத்தில் படுக்கவைப்பது அப்பாவின் வழக்கம் என்பது தங்களுக்குத் தெரியும். குளிர்ப்பெட்டியில் இடமில்லாமல் அம்மா பண்டிகை இறைச்சியையும் அதே மாதிரி ஒரு பழைய கோட்டில் சுற்றிக் கார் டிக்கியில் உறையவைத்திருந்தார் என்பது அப்பாவுக்குத் தெரியாது. முந்தாநாள் இரவு பூஸ் கொழுக்கட்டையை எண்ணாமல் தின்ற மயக்கத்தில், அப்பா பேட்டரியைக் கழற்றிக் கோட்டில் சுற்றி, பானெட்டை மூடுவதற்காக டிக்கியில் வைத்தார், டிக்கியிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தார், அதை அன்போடு ஹீட்டர் பக்கத்தில் கிடத்திவிட்டுத் தூங்கப் போனார். காலையில் பார்த்தால் கம்பளமெல்லாம் கொழுப்பு, ஹீட்டர் பக்கத்தில் ஆட்டின் முதுகு சுகமாக இளகிக் கிடக்கிறது, கீழே பேட்டரி கல்லாகிவிட்டது. "ஏங்க, ஆட்டை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்" என்றார் அம்மா. அப்பா பேட்டரியைத் தூக்கிவரக் கீழே ஓடினார்.

நேற்று பகல் முழுக்கப் பேட்டரியை வீட்டுக்குள் வைத்து இளகவிட்டோம். உறைந்த பேட்டரிக்குக் கரண்ட் கொடுத்தால் வெடித்துவிடும் என்று அப்பா என்னைப் பக்கத்திலேயே விடவில்லை. பேட்டரியின் ஓடு விரிசல் விடவில்லை, ஒழுகவும் இல்லை. இன்று காலை, வேறு வழியில்லாமல், தங்கள் சார்ஜர் அலமாரியின் அடியிலிருந்து வெளியே வந்தது. சிவப்புக் கிளிப்பை மாட்டினோம், கறுப்புக் கிளிப்பை மாட்டினோம், சுவிட்சைப் போட்டோம். விளக்கு மூன்று தரம் கண்ணடித்தது, டிக் என்றது, அணைந்தது. மாமா, அப்பாவின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். டார்கானுக்குப் போக முடியாது என்பதெல்லாம் மறந்துபோய், "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எதிர்வீட்டு கொம்பொசுரேன் பெரியவர் சத்தம் கேட்டு வந்து, "ரெண்டு தட்டு தட்டுப்பா, சரியாப்போகும்" என்று தட்டினார். சரியாகவில்லை. மேசைவிளக்கை மாட்டிப் பார்த்தோம், பிளக்கில் கரண்ட் இருந்தது. ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தோம், நல்ல ஃபியூஸ். கிளிப்புகளை உப்புத்தாளால் தேய்த்தோம், மின்னின. மீட்டரைக் கிளிப்பில் வைத்தார் அப்பா. பூஜ்யம். "செத்துப்போச்சு. உங்க அண்ணன் செத்த பொட்டியைத்தான் குடுத்திருக்காரு, செவெல்மா." அம்மா சமையலறைக்குள் போய் மறுபடி கண்ணைத் துடைத்தார்.

அங்கேயே விட்டிருக்கலாம் மாமா. அப்பா ஜெயித்துவிட்டார், சாட்சிக்கு மீட்டர் இருக்கிறது. ஆனால் அவர் இருபது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். மீட்டரைப் பேட்டரியிலும் வைத்தார். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே முக்கால் வோல்ட். அப்படியே நின்றுவிட்டார். தேநீர் ஆறியது. கொம்பொசுரேன் பெரியவர், "என்னப்பா, நீயும் உறைஞ்சிட்டியா?" என்றார்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "லிஃப்ட் நகரலைன்னா கெட்டுப்போச்சுன்னுதான் எல்லாரும் திட்டுவாங்க. அது கெட்டுப்போயிருக்காது. கதவு சாத்தியிருக்குன்னு அதுக்குத் தெரியாது, அதான் காத்துக்கிட்டு நிக்கும். இதுவும் அப்படித்தான். பேட்டரி இவ்வளவு கீழ போயிட்டா, மாட்டியிருக்கறது பேட்டரிதான்னே இதுக்குத் தெரியாது. பேட்டரி தெரியாம கரண்ட் விடாது. அதான் வெறும் கிளிப்புல பூஜ்யம்."

பிறகு கொம்பொசுரேன் பெரியவரின் நல்ல பேட்டரியை வாங்கிவந்து பக்கத்தில் வைத்தார். ஜன்னலைக் கொஞ்சம் திறக்கச் சொன்னார். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று வயரால் இரண்டையும் கைகோக்கவைத்துச் சுவிட்சைப் போட்டார். விளக்கு கண்ணடித்தது. அணையவில்லை. பெட்டிக்குள் சின்ன விசிறி ஒன்று சுற்றத் தொடங்கியது. கால்மணி நேரம் அப்படியே விட்டோம். அப்புறம் நல்ல பேட்டரியை அப்பா கழற்றினார். செத்த பேட்டரி தானாகவே குடிக்கத் தொடங்கியது. கல்லாகக் கிடந்த ஒன்றுக்குள் உயிர் ஏறுவதை நான் பார்த்ததில்லை மாமா. ஆனால் அதுகூடப் பெரிதில்லை. ஜெயித்து முடித்த ஒரு மனிதர், தான் தோற்பதற்கு ஒரு மணி நேரம் முட்டிபோட்டு வேலை செய்தாரே, அதுதான். எழுந்து, கையைத் துடைத்து, எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "சார்ஜர்ல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் தப்பு சொன்னேன். மச்சான்கிட்ட நாளைக்கு நானே நேர்ல சொல்றேன்." அப்பாவை இத்தனை வருஷமாக எத்தனையோ தரம் ஏமாற்றிச் சிரித்திருக்கிறேன். இன்று சிரிக்க வாய் வரவில்லை.

பேட்டரி நிறைய நாளை விடியற்காலை ஆகும். பதினொரு மணிக்குள் தங்கள் வாசலில் இருப்போம். ஒரு மணி நேரம் பொறுங்கள் மாமா, அது போதும். தங்கள் ஆயுள் நீள, கூரை உயர, பனி குறைய வேண்டி, தங்கள் இரு முழங்கைகளையும் இப்போதே காகிதத்தில் தாங்கிக்கொள்ளும்,

மருமகன் டொல்கோன்.

பி.கு.: ஒட்டுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். படித்து முடித்து, அப்பா கீழே போயிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, "உங்க மாமா எங்கயும் கிளம்பலடா" என்றார். "மேய்ச்சல் நிலமுமில்ல, ஒண்ணுமில்ல. ஒரு வருஷமா தினமும் என்கிட்ட பேசிக்கிட்டுத்தான் இருக்காரு. உங்கப்பா வாயிலேர்ந்து அந்த ஒரு வாக்கியம் வரணும்னு நாங்க ரெண்டு பேரும்தான் பேசி வெச்சோம்." சமையலறையில் துடைத்தது கண்ணீரையா என்றேன். "வெங்காயம்" என்றார். மாமா, நான் இந்த ஏமாற்றுத் தொழிலில் வெறும் கத்துக்குட்டி என்று இன்றுதான் தெரிந்தது. தங்கள் இருவர் காலையும் தொட்டு வணங்குகிறேன். ஆனால் ஒன்று: அப்பா அந்த வாக்கியத்தைக் குளியலறையில் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். அதனால் நாளை பதினொரு மணிக்குத் தாங்கள் தொப்பி, கோட்டு, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, கையில் பெட்டியோடு, அப்போதுதான் கிளம்புகிற மாதிரி கதவைத் திறக்க வேண்டும். அவர் சரியான நேரத்தில் வந்து பிடித்துவிட்டார் என்றே இருக்கட்டும்.