ஐம்பது பேர் ஆட வேண்டும்

“மாப்ளே, நான் வரலைடா,” என்றான் மகுடேஸ்வரன். போனில் பின்னால் மேளச் சத்தம் கேட்டது. “மடத்துக்குளத்துல அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான குத்தோணும்? மடியைத் தூக்கிட்டு நான் அங்க வந்துட்டா இவங்க என்னடா பண்ணுவாங்க?”

கவின் போனை வைத்துவிட்டுப் பட்டியலில் அந்தப் பெயரை அடித்தான். ஏழு பேர் ஆறு பேரானார்கள். மணி பன்னிரண்டு. மூன்று மணிக்குப் பெங்களூரிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறது. காட்ட வேண்டியது ஐம்பது பேர்.

கவின் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் ஒரு திட்டும், சாயப்பட்டறையில் ஒரு திட்டும் வாங்கி, இரண்டையும் சிரித்த முகத்தோடு இடம் மாற்றிக் கொடுக்கிற வேலை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா செங்கோட்டையனின் காலி நிட்டிங் ஷெட்டில் டெக்னோ நடத்துவான்.

டெக்னோ என்பது பாட்டு இல்லாத பாட்டு. வரி கிடையாது, ராகம் கிடையாது, காதலும் கிடையாது, தோல்வியும் கிடையாது. கம்ப்யூட்டரில் செய்த ‘டும் டும்’ ஒரு மணி நேரம் ஓடும். நடுவில் ‘டிஸ்’ என்று ஒரு சத்தம் சேர்ந்தால் ரசிகர்கள் கண்ணை மூடி உருகிவிடுவார்கள். “இதுக்கு எதுக்குடா ஸ்பீக்கரு? ஓவர்லாக் தையல் மிஷின் பக்கத்துல போய் நின்னு ஆடிக்க வேண்டியதுதான?” என்று மாமா கேட்டதில் ஓரளவு நியாயம் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இதற்கே நூற்றைம்பது பேர் வந்தார்கள். பிறகு நூறு, அறுபது, முப்பது. சிலருக்குக் கல்யாணம் ஆனது. சிலருக்குப் பாட்டு தேவைப்பட்டது. “கோயில் நோம்பிக்குப் போடற மாதிரி ஒரு குத்துப் பாட்டு, ஒண்ணே ஒண்ணு போடேன்” என்று கெஞ்சியவர்களைக் கவின் முறைத்து முறைத்தே வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

ஸ்பீக்கர்கள் அவனுடையவை அல்ல. தென்மண்டல டெக்னோ மன்றம் என்று பெங்களூரில் ஒன்று இருக்கிறது. ஆள் உயரத்தில் ஆறு பெட்டி, அவர்கள் கொடுத்து வைத்திருப்பது. ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் கூட்டம் குறைந்ததும் லாரி வந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கொங்கு நாட்டில் மிச்சம் திருப்பூர் மட்டும்தான். இன்றைக்கு ஐம்பது பேர் ஆடாவிட்டால் நாளைக்கு லாரி இங்கேயும் வரும். ஸ்பீக்கர் போன மறுநாளே ஷெட்டை அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு விட மாமா தயாராக இருந்தார்.

போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. வாரத்தில் ஆறு நாள் எவனோ சொன்ன நிறத்தில், எவனோ சொன்ன அளவில் துணி தைத்து அனுப்புகிறவனுக்கு, தான் சொன்னபடி ஒன்று நடக்கிற இடம் உலகத்திலேயே அந்த ஷெட் ஒன்றுதான். கவின் போனை எடுத்து ரோஸ்மேரியைக் கூப்பிட்டான்.

ரோஸ்மேரி அவனுடைய கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். தூத்துக்குடிக்காரர். தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க பையர்கள் ஆடிட்டரை அனுப்பும்போதெல்லாம் கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றுவது அவர் பொறுப்பு. பதினான்கு வருஷத்தில் ஒரு ஆடிட்டில்கூட அவர் தோற்றதில்லை.

“டான்ஸுக்கு ஆடிட்டுங்க அக்கா. அம்பது பேர் வேணுமுங்க.”

“எதுக்குன்னா என்ன தம்பி? ஆடிட்டுன்னா ஆடிட்டுதான். ஹாஸ்டல்ல எல்லாம் சும்மாதான் இருக்கு. செக்கிங் செக்‌ஷனை அப்படியே கூட்டிட்டு வாறேன். நீங்க பிரியாணிக்கு மட்டும் சொல்லிருங்க.”

கவினுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் ஒன்றரை மணி வரைக்கும்தான் தங்கியது.

ஒன்றரைக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. தைத்த துணியில் குறை தேடுகிற செக்கிங் செக்‌ஷன்காரர்கள் ஐம்பது பேர் இறங்கினார்கள். ஆகாய நீலக் கோட்டு, தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், கழுத்தில் அடையாள அட்டை. அவர்களுக்குப் பின்னால் தீயணைப்பு வாளி எட்டு, முதலுதவிப் பெட்டி இரண்டு, ‘குடிநீர்’ பலகை ஒன்று. ரோஸ்மேரி இறங்கிய வேகத்தில் ‘வெளியேறும் வழி’ ஸ்டிக்கரைச் சுவரெல்லாம் ஒட்ட ஆரம்பித்தார்.

“அக்கா, இது டெக்னோங்க! யூனிஃபார்ம்ல யாருங்க ஆடுவாங்க?”

“யூனிஃபார்ம் இல்லன்னா ஆடிட்டர் குறைன்னு பாயிண்ட் எழுதிருவாம்லா?”

“டெக்னோக்காரங்க கறுப்புலதானுங்க வருவாங்க.”

ஷெட்டின் மூலையில் கறுப்பு டி-ஷர்ட் மூட்டை ஒன்று கிடந்தது. பையர் ரத்து செய்த ஆர்டர். கவின் கும்பிட்டுக்கொண்டே பிரித்தான். துணி நல்ல கறுப்புதான். ஆனால் ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ரோஸ் நிற முயல் ஒன்று முட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தது. வெளிநாட்டில் முயலும் முட்டையும் வைத்துக் கொண்டாடும் ஈஸ்டருக்குப் போக வேண்டிய சரக்கு, ஈஸ்டர் முடிந்த பிறகு தயாரானது.

“உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கலாமுங்களா?”

“தையல் வெளிய தெரியுமே தம்பி. உயிரே போனாலும் செக்கிங் செக்‌ஷன் அதைப் போட மாட்டாங்க.”

கால் மணி நேரத்தில் ஐம்பது முயல்கள் தயாராயின.

கவின் இசையைப் போட்டான். ஐம்பது பேரும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் ஒச்சம்மாள் இருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர், வயது ஐம்பது, செக்கிங் செக்‌ஷனிலேயே மூத்தவர்.

“ஏப்பா, பாட்டு எப்ப வரும்?”

“இதுதானுங்க பாட்டு.”

“இதா? நான் ஜெனரேட்டர்னுல்ல நெனச்சேன்.”

மணி இரண்டே கால். ஒரு பக்கம் கும்மி ஆரம்பித்தது. இன்னொரு பக்கம் யாரோ குலவை போட்டார்கள். ரோஸ்மேரி விசிலடித்து, கைநீட்ட இடைவெளி விட்டு, பத்துப் பத்துப் பேராக ஐந்து வரிசை கட்டி நிறுத்தினார். இப்போது அது பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மாதிரி இருந்தது. கவினுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

“வரிசை வேண்டாமுங்க! கலைஞ்சு நில்லுங்க. துணியில ஓட்டை இருக்கான்னு குனிஞ்சு பார்ப்பீங்கல்ல? அதே மாதிரி தரையைப் பாருங்க. பார்த்துக்கிட்டே தலையை மட்டும் ஆட்டுங்க. சிரிக்காதீங்க.”

செக்கிங் செக்‌ஷன் ஓட்டை தேட ஆரம்பித்தது. குனிந்த தலைகள், சுருங்கிய புருவங்கள், உலகத்தையே மறந்த கவனம். வெளிநாட்டு வீடியோக்களில் அவன் ஏங்கி ஏங்கிப் பார்த்த காட்சி அப்படியே கண்ணெதிரே நின்றது. அந்த நேரத்தில் வந்து சேர்ந்த நிஜ ரசிகர்கள் ஆறு பேரும் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, ஒரு ஓரமாக ஒதுங்கி ஆட ஆரம்பித்தார்கள்.

சரியாக மூன்று மணிக்குப் பெங்களூர் மன்றத்திலிருந்து அக்ஷரா வந்தாள். முப்பது வயது இருக்கும். கறுப்புச் சட்டை, கையில் நோட்டு, சரியாகத் தூங்காத கண்கள். வாசலில் கால் வைத்ததுமே ஐம்பது தலைகளும் நிமிர்ந்தன.

“குட் ஆஃப்டர்நூன், மேடம்!”

கவின் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது அக்ஷரா எண்ணிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினாள்.

“அம்பத்தாறு,” என்றாள். குரலில் என்ன இருக்கிறது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. “அந்த முயல்?”

“எங்க சின்னமுங்க.”

அவள் எழுதிக்கொண்டாள். நேராக ஒச்சம்மாளிடம் போனாள். கவினும் பின்னாலேயே போனான்.

“நீங்க எவ்வளவு நாளா வர்றீங்க?”

ஒச்சம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். ஆடிட்டர்களுக்குச் சொல்ல ரோஸ்மேரி கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை. “மூணு வருசமா வாரேன் மேடம். பதினெட்டு வயசு முடிஞ்சுதான் சேந்தேன். யாரும் கட்டாயப்படுத்தலை. எட்டு மணி நேரந்தான்.”

“எட்டு மணி நேரம் விடாம ஆடுவீங்களா?”

“நடுவுல டீக்கு விடுவாக.”

“இந்த இசையில உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?”

பயிற்சியில் இந்தக் கேள்வி இல்லை. ஒச்சம்மாள் கூரையைப் பார்த்து யோசித்தார். தெரிந்த பதில்களில் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றை எடுத்தார்.

“கக்கூஸ் சுத்தமா இருக்கு.”

இனி ஒரு நொடி பேசவிட்டால் குடி முழுகிவிடும். கவின் மேடைக்கு ஓடினான். யாரும் யாரோடும் பேசவே முடியாத அளவுக்குச் சத்தத்தைக் கூட்டித் தன் சொந்தப் படைப்பைப் போட்டான். மூன்று மாதம் இரவு பகலாகச் செய்தது. கம்பெனிக்குள்ளேயே பதிவு செய்த சத்தங்கள்தான் எல்லாம். ஓவர்லாக் மிஷினின் கடகடப்பு அதில் தாளம். அயர்ன் டேபிளின் ஆவிச் சத்தம்தான் அந்த ‘டிஸ்’. மொத்தம் பன்னிரண்டு நிமிஷம், ஏழாவது நிமிஷத்தில் உச்சம்.

அக்ஷரா பேச்சை நிறுத்தினாள். தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள். நாலாவது நிமிஷத்தில் அவள் கால் தாளம் போட்டது. கவினுக்கு நம்பிக்கை வந்தது. ஆறாவது நிமிஷத்தில் எதையோ மறந்துவிட்டோம் என்று தோன்றியது. என்ன என்று ஞாபகம் வந்தபோது ஏழாவது நிமிஷம் ஆகிவிட்டது.

உச்சத்துக்கு அவன் வைத்திருந்தது கம்பெனியின் தீ அபாயச் சங்கு.

ஆறு பெட்டியிலிருந்தும் அது ஒன்றாக அலறியது. ஐம்பது பேரும் நிமிர்ந்தார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை. ஸ்டிக்கர் காட்டிய வழியில் இரண்டு வரிசையாகப் பிரிந்து, கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, வேக நடையாக வெளியே போனார்கள். ரோஸ்மேரி எங்கிருந்தோ ஒரு சிவப்புக் கொடியை எடுத்து அசைத்தார். கேட்டுக்குப் பக்கத்தில் போய் வரிசையாக நின்று தலைக்கு ஒரு எண் சொன்னார்கள்.

“...நாப்பத்தொம்பது!”

“அம்பது!”

“நாப்பது செகண்ட்!” என்று ரோஸ்மேரி கூவினார். “போன ஃபயர் டிரில்லுக்கு இப்ப அஞ்சு செகண்ட் மிச்சம். சபாஷ்!”

ஷெட்டுக்குள் மிஞ்சியது ஆறு பேர். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சங்குக்கு உருகி உருகி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய ஷெட்டில் அந்த ஆறு பேரைப் பார்க்கக் கவினுக்கு அழுகையே வந்துவிட்டது. இசையை நிறுத்தினான். “ஏனுங்ணா, நல்லாத்தான போயிட்டிருந்துச்சு?” என்றான் ஒருவன்.

அக்ஷரா நோட்டோடு வெளியே போனாள். ரோஸ்மேரியிடமும் ஒச்சம்மாளிடமும் நின்று பேசினாள். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது. ஒச்சம்மாள் தலையை ஆட்டிக் காட்டினார். ரோஸ்மேரி கையை விரித்து எதையோ விளக்கினார். அக்ஷரா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கவின், எப்படியும் லாரி வரத்தான் போகிறது, உண்மையையாவது சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தான். அவள் திரும்பி வந்ததும் ஒரே மூச்சில் கொட்டினான்.

“மேடம், எல்லாம் பொய்ங்க. அவங்க எங்க கம்பெனி செக்கிங் செக்‌ஷனுங்க. நெசமா வர்றது ஆறு பேருதானுங்க. காதுகுத்து இல்லீன்னா ஏழு.”

“தெரியும்,” என்றாள் அக்ஷரா. “டெக்னோ கேக்கறவங்க யாரும் யாருக்கும் குட் ஆஃப்டர்நூன் சொல்ல மாட்டாங்க.”

“ஸ்பீக்கரை எப்பங்க எடுத்துட்டுப் போவீங்க?”

அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ‘திருப்பூர்: 56 பேர். நல்ல வரவேற்பு. ஆதரவு தொடரலாம்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தது.

“ஏனுங்க மேடம்?”

“அந்த ஏழாவது நிமிஷம் நீங்க பண்ணினதா?”

“ஆமாங்க.”

“நல்லா இருக்கு,” என்று சொல்லிவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டாள்.

கவின் அங்கேயே ஒரு பெட்டிமேல் சாய்ந்து நின்றான். தலையெண்ணிக்கை எல்லாம் சும்மா. உண்மையாகக் கேட்கிற காது ஒன்று போதும், கலை ஜெயித்துவிடும் என்று தோன்றியது. இத்தனை நாள் சிரித்தவர்களையெல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி மன்னித்தான், மாமாவைக்கூட. வெளியே முயல்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒச்சம்மாள் தட்டோடு உள்ளே வந்தார்.

“ஏப்பா, சூப்பர்வைசர்ட்டச் சொல்லி வார ஞாயித்துக்கெழமை எங்களுக்கு ஓவர்டைம் போட்றாத.”

“ஏனுங்கக்கா?”

“அந்தப் புள்ள பெங்களூருக்கு வரச்சொல்லி எங்க அம்பது பேருக்கும் பஸ் அனுப்புதாம், அவுக மன்றத்துல ஆட வாரது மொத்தமே நாலு பேருதானாம், பம்பாயிலருந்து அதுக்கே ஆடிட் வருதாம்!”