ஒரே சட்டையில் ஒரு பிள்ளை

“உனக்குத் தம்பி கிடையாது. விளங்குதா?” என்றான் வின்சன்ட்.

எஸ்ரன் ஆட்டோவில் தன்னோடு ஒட்டி உட்கார்ந்திருந்த தம்பி யுகேஷைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்ப இது யாரு?”

“இது இருளப்பன் மாமாவோட மகன்.”

ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த இருளப்பன் பிரேக்கை மிதித்தான். “அண்ணே, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. அடுத்த மாசம்தான் பொண்ணு பார்க்கப் போறோம். இந்தக் கதை வெளிய போச்சுன்னா யாரு பொண்ணு குடுப்பா?”

“வீட்டைப் பார்த்து முடியிற வரைக்கும்தான்டா.”

“மாமா மகன்னா எனக்கு ஆட்டோ ஓட்டத் தருவாரா?” என்று யுகேஷ் கேட்டான். பெற்ற தகப்பனை விட்டுப் போவதில் அவனுக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

வின்சன்ட்டைப் பாவம் என்றுதான் சொல்லவேண்டும். கண்டியில் ஒரு கடையில் கிளார்க் வேலை. இருந்த வீட்டுக்காரருக்கு மகளின் கல்யாணம். மாத முடிவில் வீட்டை விடவேண்டும். அவனும் ஏறாத படி இல்லை. பேராதனையில் ஒரு அம்மா பையன்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “எங்க நாய்க்கு இப்ப மனம் சரியில்லை” என்று சொல்லிவிட்டார். கடுகண்ணாவையில் ஒருவர் கேட்டைப் பாதி திறந்தார். அதற்குள் யுகேஷ் அதே கேட்டில் ஏறி ஊஞ்சல் ஆடினான். மீதிக் கேட்டை அவர் திறக்கவேயில்லை.

கடைசியாகக் கிடைத்தது இந்த அலவத்துகொட வீடு. மாடிவீடு. மேலே சொந்தக்காரர் பவாஸ், கீழே வாடகைக்கு. “எங்களுக்கு சத்தம் ஒத்துவராது. ஒரு புள்ளயோட குடும்பம்தான் வேணும்” என்று போனில் பவாஸ் சொன்னார். “எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க” என்று வின்சன்ட்டின் வாய் அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

மனைவி லிண்டா வழக்கம்போல ஈஸ்டருக்கு ஒரே துணியில் எடுத்துத் தைத்த நீலக்கட்டம் போட்ட சட்டைகளையே இருவருக்கும் மாட்டியிருந்தாள். இது அவளுடைய யோசனை. “எவன் எங்க தலையைக் காட்டினாலும் ஒரே பிள்ளைன்னுதானே நினைப்பாங்க?” என்றாள். இருவரும் ஒரே உயரம், ஒரே மொட்டைவெட்டு. எஸ்ரனுக்கு முன்பல் விழுந்திருந்தது. அதை மட்டும் வின்சன்ட்டும் லிண்டாவும் மறந்துபோனார்கள்.

யுகேஷை இருளப்பனிடமும் இருளப்பனின் போனிடமும் ஒப்படைத்துவிட்டு மற்ற மூவரும் போனார்கள்.

பவாஸ் கதவைத் திறந்தார். “வாங்க, வாங்க. மேல நானும் வைஃபும் மட்டும்தான். ஊசி விழுந்தாலும் கேக்கும்.”

அதே நேரம் மேலே தடால் என்று ஏதோ விழுந்தது. ஊசி இல்லை என்பது நிச்சயம்.

“குரங்கு,” என்றார் பவாஸ் அவசரமாக.

“கண்டின்னாலே குரங்குதாங்க. எங்க வீட்டிலயும் இப்படித்தான்” என்றான் வின்சன்ட். அதில் பொய்யே இல்லை.

பவாஸின் மனைவி றம்ஸியா எஸ்ரனுக்கு ஒரு டொபி கொடுத்தாள். அவன் ஓட்டைப்பல்லோடு சிரித்தான்.

“பல் விழுந்தீக்கி! மகனுக்குத் தம்பி தங்கச்சி இல்லையா?”

“இப்ப இல்ல,” என்றான் எஸ்ரன். “ஆட்டோவுக்குப் போன பிறகு இருப்பான்.”

லிண்டா அவனைக் கிள்ளியே விட்டாள். “போய்த் தோட்டத்தைப் பார்த்துட்டு வா ராசா!” அவன் சிட்டாய்ப் பறந்தான்.

றம்ஸியா ஒரு தட்டு நிறைய கிரீம் பிஸ்கட் எடுத்துக்கொண்டு மேலே போனாள். “குரங்குக்கு,” என்றார் பவாஸ். என்ன நல்ல மனம் என்று வின்சன்ட் நினைத்துக்கொண்டான்.

அவள் இறங்கி வந்தபோது குசினிப் பக்கமாக நீலக்கட்டச் சட்டை ஒன்று உள்ளே வந்தது.

“மாமா போன்ல சார்ஜ் முடிஞ்சிருச்சு,” என்றது சட்டை. “எனக்கும் டொபி?”



“இப்பத்தானே ஒண்டு குடுத்தேன் மகன்?” றம்ஸியா இன்னொன்றை நீட்டினாள். யுகேஷ் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தான். அவள் குனிந்து பார்த்தாள். “அல்லாஹ்வே! புள்ளக்கிப் பல் மொளச்சீக்கி!”

“அது கழட்டி மாட்டுற பல்லுங்க,” என்றான் வின்சன்ட்.

“இந்த வயசிலயா?”

“ஸ்டைலுக்கு.”

“எங்க, கழட்டிக் காட்டுங்க மகன்.”

யுகேஷ் மறுக்கிற பிள்ளை இல்லை. இரண்டு கையாலும் பல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். “வரல. கதவுல நூல் கட்டணும். அண்ணனுக்கு நான்தான் கட்டிக் கதவைச் சாத்தினேன்.”

“எந்த அண்ணன்?”

“பெரியம்மா மகன்!” என்றாள் லிண்டா. அவளுக்கு அக்காவே கிடையாது.

பவாஸ் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, உங்கட மகன் இங்கதானே நிக்கிறான்? அப்ப தண்ணி டாங்கிக்கு மேல நிக்கிறது?”

வின்சன்ட் எட்டிப் பார்த்தான். டாங்கியின் உச்சியில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, எஸ்ரன்.

“குரங்குங்க.”

“சட்டை போட்டீக்கே?”

“மகன்கிட்ட இருந்து பிடுங்கிக்கிட்டுப் போயிருக்கும்.”

பவாஸ் திரும்பி யுகேஷைப் பார்த்தார். அடேயப்பா, லிண்டாவின் வேகம்! அதற்குள் சட்டை அவளுடைய ஹேண்ட்பேக்குக்குள் போய்விட்டது. பையன் வெற்றுடம்போடு நின்றான்.

“களிசானும் போட்டீக்கே,” என்றார் பவாஸ்.

வின்சன்ட் லிண்டாவைப் பார்த்தான். லிண்டா யுகேஷைப் பார்த்தாள். யுகேஷ் இரண்டு கையாலும் களிசானைப் பிடித்துக்கொண்டு, “தரமாட்டேன்!” என்றான்.

அப்போது குரங்கு கத்தியது.

“அப்பா! இங்கயிருந்து ஆட்டோ தெரியுது! மாமா தூங்குறாரு, யுகேஷைக் காணோம்!”



“நல்லாத் தமிழ் பேசுது,” என்றார் பவாஸ்.

வின்சன்ட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. “மன்னிச்சிருங்க. எனக்கு ரெண்டு பையன்க. வால் இல்ல, அவ்வளவுதான். ரெண்டு ஆம்பளப் பிள்ளைன்னு சொன்ன உடனே கதவைச் சாத்துறாங்க. பிள்ளைகளைப் பெத்தது குத்தமாங்க? மாசம் முடிஞ்சா ரோட்டுலதான் நிக்கணும். வாறோம்.”

அவன் டாங்கியை நோக்கி ஓடினான். பவாஸ் அவனை முந்திக்கொண்டு ஓடினார். கீழே நின்று நிதானமாகக் குரல் கொடுத்தார். “இடது கால அந்தக் குழாயில வெச்சி, வலது கைய ஜன்னல் கம்பியில… ஆ, அப்பிடித்தான் மகன். குதிக்க வாணாம்.”

“பயப்பட வாணாம் தங்கச்சி,” என்று றம்ஸியா லிண்டாவின் கையைப் பிடித்தாள். “டாங்கி மூடிய கம்பி போட்டு நல்லாக் கட்டீக்கி.”

எஸ்ரன் பத்திரமாக இறங்கினான். திட்டப்போகிறார் என்று வின்சன்ட் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பவாஸ் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஓடிப்போய் ஒப்பந்தத் தாளையும் பேனையையும் கொண்டுவந்தாள்.

“புள்ளைகள் எண்டா அப்பிடி இப்பிடித்தான்,” என்றார் பவாஸ். “வீடு உங்களுக்குத்தான்.”

“நெசமாவா?”

“ஸைன் வைங்க. ஆனா ஒண்டு. ஒரு வருஷத்துக்கு நாங்க உங்கள வீட்ட விட்டு எழுப்ப ஏலாது. நீங்களும் என்ன நடந்தாலும் விட்டுட்டுப் போக ஏலாது.”

“எங்களுக்கு அதுதாங்க வேணும்!” வின்சன்ட் வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்களா என்று கண்களைத் துடைத்துக்கொண்டான். லிண்டா மட்டும் மேல்மாடியை அண்ணாந்து பார்த்தாள். அங்கே எதுவோ உருண்டு, எதுவோ உடைந்து, எதுவோ விம்மியது.

பவாஸ் மை காய ஊதி, தாளை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார். சாவியை வின்சன்ட்டின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

மாடிப்படிக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. வாயெல்லாம் பிஸ்கட் கிரீமோடு ஒரு சின்னப் பெண் தலையை நீட்டினாள்.

“உம்மா, இவங்க ஸைன் வெச்சிட்டாங்களா? ஹில்மிக்கு மூச்சு முட்டுது, நாங்க அஞ்சு பேரும் இனி அலுமாரிக்குள்ள ஈந்து வெளிய வரட்டா?”